முதலில் இறங்கும் மஞ்சள்

“பச்சைக்குள்ள மஞ்சள் ஒளிஞ்சிருக்குன்னு சொன்னா நீ நம்புவியா?”

திருச்சியிலிருந்து வந்திருந்த லீலாவதி அம்மாள் முதல் நாள் அம்சவள்ளியிடம் கேட்ட கேள்வி இது. அம்சவள்ளி பதில் சொல்லவில்லை. கேள்வி என்று எது வந்தாலும் அவள் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எட்டாவது படிக்கும்போது வாத்தியார் அவளை எழுப்பி, நம் ஊருக்குத் தெற்கே ஓடும் ஆறு எது என்று கேட்டார். கொள்ளிடத்தில் குளித்து வளர்ந்தவள், கொள்ளிடம் என்று சொல்ல மாட்டாமல் மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கப்புறம் போகவே இல்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

“இவகிட்ட கேள்வி கேக்கறதும் கெணத்துல கல்லப் போடறதும் ஒண்ணுதாங்க,” என்றார் ஞானப்பிரகாசம் சார். “கெணத்துலயாச்சும் டொப்புன்னு ஒரு சத்தம் வரும்.”

“நல்லதாப் போச்சு. எனக்கு இலை அரைக்கத்தான் ஆள் வேணும், பேச இல்ல,” என்றாள் லீலாவதி.

ஏலாக்குறிச்சி சாலையில் இருந்த அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு ஞானப்பிரகாசம் சார்தான் பொறுப்பு. தொண்ணூறு பிள்ளைகள். உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் ரேஷன் முடியவில்லை. சோளக் கஞ்சியும் எப்போதாவது கொஞ்சம் கோதுமையும்தான் சாப்பாடு. அந்தத் தொண்ணூறில் முப்பத்தேழு பேருக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் அவர்களுக்குச் சுவரும் தெரியாது, வாசலும் தெரியாது. கஞ்சிக்கு மணி அடித்ததும், கண் தெரிகிற பிள்ளை ஒன்று முன்னால் நிற்க, மற்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எறும்புச் சாரையாகச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போவார்கள்.

முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கோடையில் தொண்ணூறு வயிற்றுக்குத் தினமும் பச்சைக்கீரைக்கு எங்கே போவது? ஆகவே கீரை தழைக்கிற நாளிலேயே உலர்த்திப் பொடியாக்கித் தரச் சொல்லி ஏற்பாடு. பொடி செய்து கொடுத்தவள் அம்சவள்ளியின் அம்மா கொளஞ்சியம்மாள். மூன்று மாதமாக இரண்டு வேளைக் கஞ்சியிலும் அந்தப் பொடிதான். ஒரு பிள்ளைக்கும் கண் தெளியவில்லை.

மூன்று மாதம் ஆனதும் ஊர் வாய் திறந்தது. “கொளஞ்சி பொடியப் பாத்தியா? எந்த ஊர் முருங்கை அப்படிப் பச்சையா இருக்கு? வைக்கோல அரைச்சுத் துணிச்சாயத்தக் கலக்குறா” என்று குளத்துப் படித்துறையில் ஒருத்தி சொல்ல, அது நாலு நாளில் ஜெயங்கொண்டம் சந்தை வரைக்கும் போய்விட்டது. தாங்களும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்த பெரம்பலூர் விடுதிக்காரர்கள் சத்தமில்லாமல் நிறுத்தி வைத்தார்கள். அம்மா அழவில்லை. “சோதிக்கட்டும். எம் பொடிய எந்தத் தொரை வேணும்னாலும் வந்து சோதிக்கட்டும்,” என்றாள். அந்தச் சோதனைக்கு வந்தவள்தான் ரசாயனம் படித்த லீலாவதி.

விடுதியின் பழைய தானிய அறை சோதனைச்சாலை ஆயிற்று. அம்சவள்ளி ஊர் ஓடைப்பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லை இடித்தாள். கல்லுக்குள்ளிருந்து சோழிபோலவும் நத்தைபோலவும் சின்னச் சின்ன ஓடுகள் உதிர்ந்தன. அதையும் சேர்த்து இடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரம் ஒரு பொட்டும் இல்லாமல் வறுத்துக் கொடுத்தாள். முழ நீளக் கண்ணாடிக் குழாயின் அடியில் பஞ்சை அடைத்து, அந்த வெள்ளை மாவை லீலாவதி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டித்து நிரப்பினாள். பறித்த கீரையை நசுக்கிப் பெட்ரோலில் ஊறவைத்து வடித்த பச்சைச் சாற்றை மேலே ஊற்றினாள். அதன் தலையில் இன்னும் பெட்ரோல், சொட்டுச் சொட்டாக.

அப்போதுதான் அம்சவள்ளி அதைப் பார்த்தாள். ஒரே பச்சையாக உள்ளே போனது, வெள்ளை மாவில் இறங்க இறங்கப் பிரிந்தது. மேலே பழுக்கத் தொடங்கிய இலை மாதிரி ஒரு பச்சை. அதன்கீழ் மயில்கழுத்து மாதிரி இன்னொரு பச்சை. அதற்கும் கீழே வெளிறிய மஞ்சள் வளையம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவசரக்காரி மாதிரி முதலில் கீழே ஓடியது ஓர் ஆரஞ்சு மஞ்சள்.

“கண்ணுக்கு வேண்டியது அதுதான்,” என்றாள் லீலாவதி. “பச்சையால கண்ணுக்குப் பிரயோஜனமில்ல. முதல்ல இறங்குதே, அந்த மஞ்சள் இருந்தா பொடி நல்ல பொடி. இல்லாட்டி மண்ணு.”

அம்சவள்ளிக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவின் பொடிக்கு அவளே மரம் ஏறிக் கொம்பு ஒடித்திருக்கிறாள். அதில் வைக்கோலும் இல்லை, சாயமும் இல்லை. குழாய் அதை ஊருக்குச் சொல்லிவிடும்.

சோதனை நாளன்று காலையில் ஞானப்பிரகாசம் சார் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். ஒன்றின் மேல் 1, மற்றதன் மேல் 2. எந்த எண் யாருடையது என்பதை எழுதி மடித்த சீட்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

“ஒண்ணு கொளஞ்சியுது, ஒண்ணு ஆண்டிமடத்து உண்ணாமலையுது. எது எதுன்னு முடிவுக்கு அப்புறம் சொல்றேன். யாரும் பின்னால பேசக்கூடாது பாருங்க.”

அம்சவள்ளிக்குச் சீட்டு தேவைப்படவில்லை. முதல் பொட்டலத்தைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவின் பழைய வேட்டியில் மூன்று தரம் சலித்த மென்மை. விரலில் தொட்டால் பூப்போல ஒட்டும். நிறமோ நாற்றங்காலைப் பொடித்து வைத்தது போல. இரண்டாவது, கருத்துச் சுருங்கிய அழுக்குப் பச்சை. போன மாசி மாதம் உண்ணாமலை அதைத் தலைச்சுமையாகச் சுமந்துகொண்டு வந்தபோது, “என்னம்மா இது, மக்குன சருகா? கொளஞ்சி பொடியப் பாரு, கண்ணுல ஒத்திக்கலாம்,” என்று சார் திருப்பி அனுப்பியதை அம்சவள்ளி வாசலிலிருந்து பார்த்திருந்தாள்.

“பெட்ரோல் இந்த ஒரு புட்டிதான் மிச்சம்,” என்றாள் லீலாவதி. “இனிமே கூப்பன் போட்டு வாங்கிக் காய்ச்சி வடிச்சு எடுத்துட்டு வர ஒரு மாசம் ஆகும். கை நடுங்கக்கூடாது, தெரிஞ்சுதா?”

அம்சவள்ளி தலையாட்டினாள்.

வடித்த சாற்றில் ஒவ்வொரு துளியை முதலில் வெள்ளைத் துணியில் விட்டு, ஜன்னல் மேட்டில் வெயில் படும்படி லீலாவதி வைத்தாள். பிறகு இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, திருகுப் பிடியில் இறுக்கி, சாற்றை ஊற்றினாள். வெளியே வேப்பமர நிழலில் கொளஞ்சியம்மாள் அந்த வாரத்துப் பொடி மூட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். முடிவு தெரியாமல் எழுந்து போவதில்லை என்று இருந்தாள்.

சாறு இறங்கியது. இரண்டாம் குழாயில் அழுக்குப் பச்சை தயங்கி நின்றது. பிறகு அதன் அடியிலிருந்து ஒரு கீற்று கழன்றது. அது ஆரஞ்சு மஞ்சள். முதலில் நூல் கனம், பிறகு விரல் கனம். அது தனியே நழுவிக் கீழே வந்து, பஞ்சைக் கடந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் நெய் போல மின்னியது.

முதல் குழாயில் ஒன்றும் கழலவில்லை.

பச்சை மட்டும் இறங்கியது. அதுவும் வளையம் வளையமாகப் பிரியாமல், ஈரச்சுவரில் பாசி இறங்குவதுபோல ஒரே இழுப்பாக. அம்சவள்ளி குனிந்து பார்த்தாள். கிண்ணத்தில் சொட்டியது வெறும் பெட்ரோல், தண்ணீர் மாதிரி. வரும், இப்போது வரும் என்று நூறு வரை எண்ணினாள். மறுபடி நூறு. லீலாவதி இன்னும் ஒரு கரண்டி பெட்ரோல் ஊற்றினாள். புட்டி பாதிக்குக் கீழே போயிற்று.

“சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்லையே,” என்றாள் லீலாவதி மெதுவாக.

அவள் ஜன்னலுக்குப் போய்த் துணியை எடுத்தாள். இரண்டாம் துளி வெயிலில் வெளுத்து, சோளத்தட்டை நிறத்துக்குப் போயிருந்தது. முதல் துளி ஊற்றியபோது இருந்த பச்சையிலேயே இருந்தது. நகத்தால் சுரண்டினாள். அது மாறவில்லை.

“இலைப் பச்சை வெயில்ல நிக்காது. இது நிக்குது. ஊர்ல சொன்னது சரிதான் போலிருக்கு. சாயம்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். “நான் மட்டும் பார்த்தாப் போதாது, சாரும் வந்து பார்க்கட்டும். நீ இதைப் பார்த்துக்க. குழாய் காயாம ஊத்திக்கிட்டே இரு.”

செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து போயிற்று.

அம்சவள்ளியும் குழாயும்தான் மிச்சம். ஜன்னல் வழியே அம்மாவின் முதுகு தெரிந்தது. அவள் மூட்டையின் வாய்க்கட்டைச் சும்மா அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

சார் வருவார், பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுப்பார். பிள்ளைகள் சோற்றில் சாயம் கலந்தவள் என்று எழுதுவார்கள். போலீசுக்குக்கூடப் போகலாம் என்று அவர் போன வாரமே சொல்லியிருந்தார். போலீஸ் வராவிட்டாலும் ஊர் இருக்கிறதே.

அவள் கை திருகுப் பிடிக்குப் போயிற்று. அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். குழாய் வழுக்கி விழும். பெட்ரோலும் இல்லை, மறுபடி சோதிக்கவும் முடியாது. கை தவறிடுச்சு என்று நின்றால், அவளிடம் எவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கேட்டாலும் பதில் வராது என்பது ஊருக்கே தெரியும். ஒரு மாதம் கிடைக்கும்.

திருகைத் தளர்த்தினாள். குழாய் ஒரு விரற்கடை கீழே நழுவியது. இன்னொரு கை தானாகப் போய்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது.

அப்படிப் பிடித்தபோது அவள் முகம் அந்தப் பச்சைக்கு நேராக வந்தது. இவ்வளவு கிட்டத்தில் அதை இங்கே பார்த்ததில்லை. ஆனால் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். எங்கே? நீலம் ஓடிய, வெயிலுக்கு அசையாத, துடைத்தாலும் போகாத பச்சை...

வீட்டுத் தவலையின் விளிம்பு.

அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த செப்புத் தவலை. கீரையை உலர்த்துவதற்கு முன் அதில்தான் புளித்தண்ணீர் விட்டு இரண்டு கொதி விடுவாள், நிறம் கருக்காமல் இருக்க. பிறகு மூன்று நாள் பாறையில் சுள்ளென்ற வெயிலில் காயப்போடுவாள். தவலைக்கு உள்ளே முன்பெல்லாம் வெள்ளை வெளேரென்று ஈயம் பூசியிருக்கும். வருஷத்துக்கு ஒருதரம் ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து ஈயம் கிடைக்கவில்லை, அவரும் வரவில்லை. ஈயம் தேய்ந்து தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. “ஈயம் போனாலும் போச்சு, பச்ச தூக்கிக்கிட்டு நிக்குது பாருடி,” என்று அம்மா சந்தோஷப்பட்டது கூட அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாயம் இல்லை. செம்பு.

குழாய் உடைந்தால் ஒரு மாதம் கிடைக்கும். சாயம் என்ற பேச்சு மட்டும் சாகும்வரை உடையாது. அந்த ஒரு மாதமும் பிள்ளைகள் இதையே தின்பார்கள். குழாய் நின்றால் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. ஆனால் அதை வாயால் சொல்ல வேண்டும்.

அவள் திருகை இறுக்கினாள். குழாய் காயாமல் பெட்ரோல் ஊற்றினாள்.

சார் வந்தார். பின்னாலேயே லீலாவதி. கூப்பிடாமலே கொளஞ்சியம்மாளும் மூட்டையோடு எழுந்துவந்து நிலைப்படியில் நின்றாள். சார் இரண்டு குழாயையும், துணியையும் பார்த்தார். சீட்டை எடுத்துப் பிரித்தார். அவர் முகம் சிவந்தது.

“ஒண்ணாம் நம்பர் கொளஞ்சி. ஏம்மா, இது அநாதைப் பிள்ளைங்க வயித்துக்குப் போறதுன்னு தெரியுமில்ல? எந்தக் கடையில வாங்குன சாயம்?”

“சாயமா?” அம்மா உள்ளே வந்தாள். “அந்தோணியார் சாட்சியா நீங்க சத்தியம் பண்ணுவீங்க. நான் எங்க மாரியாத்தா மேல பண்றேன். எம் பொடியில இலையத் தவிர வேற ஏதாச்சும் இருந்தா எங்கண்ணு அவியட்டும்.”

“முப்பத்தேழு பேருக்கு ஏற்கெனவே கண்ணு இல்ல. உன் கண்ணை வச்சு நான் என்ன பண்றது?”

“ஈயம்,” என்றாள் அம்சவள்ளி.

யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. நாக்கு மேலே ஒட்டியது. அதைப் பிய்த்து எடுத்தாள்.

“தவலையில ஈயம் இல்லீங்க!”

மூன்று பேரும் திரும்பினார்கள். சார் வாய் திறந்தபடி நின்றார், கிணறு பேசிவிட்டதைப் போல.

“செப்புத் தவலைங்க. ஈயம் தேஞ்சுபோச்சு. புளித்தண்ணி விட்டுக் கொதிக்க வைப்பாங்க. அந்தப் பச்சைதாங்க இது. சாயம் இல்லீங்க. வெயில்லதான் மூணு நாளு... அந்தத் துளி வெளுத்தாப்ல மஞ்சளும் போயிருக்கும்.”

சொல்லி முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். லீலாவதி அவளையே பார்த்தாள். பிறகு குழாயைப் பார்த்தாள்.

“செம்பா இருந்தா வெயிலுக்கு அசையாதுதான்,” என்றாள். “உங்கிட்ட தையல் ஊசி இருக்கா? செம்பு இருந்தா இரும்புல படியும்.”

பெட்ரோல் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று முற்றத்தின் கோடிக்குப் போனார்கள். ஒரு கை பொடியைச் சட்டியில் போட்டுச் சாம்பலாகும்வரை எரித்தார்கள். அதற்கே அரை மணிக்கு மேல் ஆயிற்று. சாம்பலை ஆறவைத்து, ஒரு கிண்ணத்தில் திராவகம் விட்டுக் கரைத்து, லீலாவதி ஊசியை அதில் போட்டாள்.

இரும்பு ஊசி இரும்பாகவே கிடந்தது. அம்சவள்ளி மறுபடி எண்ணினாள். நூறு. இருநூறு. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முந்நூறை எட்டுவதற்குள் லீலாவதி இடுக்கியால் ஊசியை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கினாள். முனையிலிருந்து பாதிவரை புதுக்காசு மாதிரி சிவந்திருந்தது.

“செம்புதான். சாயம் இல்ல. நான் அப்படியே எழுதித் தரேன்.”

அம்சவள்ளி அம்மாவைப் பார்த்தாள். தெளிந்திருக்க வேண்டிய அந்த முகம் தெளியவில்லை.

“அந்தத் தவலையில கொழம்பு வைக்க மாட்டேங்க நானு,” என்றாள் கொளஞ்சியம்மாள், யாருக்கோ சொல்வதுபோல. “களிம்பு ஏறும்னு எனக்குத் தெரியாதா? கீரை வெந்த தண்ணியத்தான் கொட்டிடறேனேன்னு... ரெண்டே கொதிதானேன்னு...”

“பச்சையா இருக்கணும்னு கேட்டது நான்தான்,” என்றார் ஞானப்பிரகாசம் சார். சீட்டை மடித்து மடித்து நகத்தளவு ஆக்கிவிட்டிருந்தார். “உண்ணாமலை பொடியச் சருகுன்னு திருப்பி அனுப்புனதும் நான்தான். அது கெடக்கட்டும். போலீசு கீலீசுன்னு நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்காத, கொளஞ்சி.”

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. “அப்ப இந்த மூணு மாசமும்?” என்று லீலாவதியைக் கேட்டாள். “புள்ளைவ தின்னதெல்லாம்?”

“வயித்துக்குப் போச்சு. கண்ணுக்குப் போகல.” சொன்ன பிறகுதான் லீலாவதிக்கு அது கடுமையாகப் பட்டிருக்க வேண்டும்; குரலை இறக்கினாள். “செம்பும் கொஞ்சம் போயிருக்கு. அந்தப் பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன். நீங்க மண்சட்டியில செஞ்சு, நிழல்ல காயவைங்க. கருப்பாத்தான் இருக்கும். ஆனா மஞ்சள் நிக்கும்.”

கொளஞ்சியம்மாள் தானிய அறைக்குப் போனாள். மேசையின் மேல், இரண்டாம் குழாயின் அடியில் கிண்ணம் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள். அந்த ஆரஞ்சு மஞ்சள் இப்போது ஒரு விரல் ஆழம் சேர்ந்திருந்தது. பக்கத்துக் கிண்ணத்தையும் பார்த்தாள். அதில் அறையின் ஓட்டுக்கூரை தெரிந்தது.

“சாயம் இல்லேன்னு எழுதறாங்கம்மா,” என்றாள் அம்சவள்ளி பின்னாலிருந்து. அன்றைக்கு அவளாக, யாரும் கேட்காமல் பேசியது அது இரண்டாம் தடவை. “பெரம்பலூருக்கும் காட்டலாம்.”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. வழி கேட்க நின்ற வேற்றூர்க்காரி பார்ப்பது மாதிரி இருந்தது.

கஞ்சிக்கு மணி அடித்தது. பொழுது நன்றாகச் சாய்ந்துவிட்டது. முற்றத்தில் பிள்ளைகளின் சாரை புறப்பட்டது. தோளில் கை, கையின் பின்னால் இன்னொரு தோள். கொளஞ்சியம்மாள் கொடுக்கக் கொண்டுவந்த பொடி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். வழியில் சாரை குறுக்கிட்டது, நின்றாள். எட்டு வயது இருக்கும், நடுவில் வந்த ஒரு பெண் பிள்ளை, முன்னால் போகிறவளின் தோளைத் தவறவிட்டுவிட்டுக் காற்றில் துழாவியது. அதன் கை கொளஞ்சியம்மாளின் முந்தானையில் பட்டது. துணியைப் பிடித்துக்கொண்டு முகத்தை அண்ணாந்து, அவளுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் இருட்டைப் பார்த்துக் கேட்டது.

“யாருங்க நிக்கிறது?”

கொளஞ்சியம்மாள் அந்தக் கையை முந்தானையிலிருந்து மெல்ல எடுத்து, முன்னால் நின்ற பிள்ளையின் தோளில் வைத்தாள். சாரை நகர்ந்து கொட்டகைக்குள் போகும்வரை நின்றாள். பிறகு மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனாள்.